பிரவரத்தில் வராத பெயர்

என் பெண்ணின் மாமியார் எங்கள் வீட்டுக்கு முதல்முறை சாப்பிட வந்த அன்று, சாம்பாரை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டே, "எங்க குடும்பத்துல முதல் ஆளை டிபோர்ட் பண்ணித்தான் இந்தப் பக்கம் அனுப்பினாங்க" என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. என் ஞாபகத்தில் அவர் பேச்செல்லாம் தமிழாக நிற்கிறது, அவ்வளவுதான். சொன்ன தோரணை, எங்கள் தாத்தா ஜில்லா கலெக்டராக இருந்தார் என்று சொல்வது போல இருந்தது.

என் கணவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். நான் அப்பளத் தட்டை அந்த அம்மாள் பக்கம் நகர்த்தினேன். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் புழங்காத வார்த்தை. டெக்ஸாஸில் நாங்கள் இருக்கும் காப்பெல் ஊரில் எங்களைப் போன்ற குடும்பங்கள் எதிலுமே அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கிரீன் கார்டுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தில் தபால்பெட்டியைத் திறக்க என் கணவரைத்தான் அனுப்புவேன். எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பத்துக்கு வேலை போய், விசாவும் போய், சாமான்களை கராஜில் பரப்பி விற்றுவிட்டு ஊருக்குப் போனார்கள். அவர்களை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. முறையாக டிக்கெட் வாங்கித்தான் போனார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். "ஏதோ பேப்பர் சரியா இல்லை போலிருக்கு" என்று நானும் என் பங்குக்குச் சொல்லி வைத்தேன். அப்படிப்பட்ட வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு ஒருவர் நாடு கடத்தப்பட்டதைப் பெருமையாகச் சொன்னால் எந்தப் பக்கம் பார்ப்பது? எனக்குக் கூச்சமாக இருந்தது. என் பெண் மட்டும் சிரித்துக்கொண்டே, "டெல் தெம் த ஹோல் ஸ்டோரி" என்றாள்.

கதையை அவர் நிதானமாகச் சொன்னார். கனடாவின் கிழக்குக் கடலோரத்தில் அக்கேடியா என்றொரு பகுதி. அங்கே பிரெஞ்சு பேசும் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். கடல்தண்ணீர் உள்ளே வராமல் கரை கட்டி, உப்பு நிலத்தை வயலாக்கியவர்கள். இரண்டரை நூற்றாண்டுக்கு முன்னால் ஆங்கிலேய அரசு, தங்கள் ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்யவில்லை என்று காரணம் சொல்லி, அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலில் ஏற்றிவிட்டது. வீடுகளைக் கொளுத்தினார்கள். ஏற்றுகிற அவசரத்தில் ஒரே வீட்டு மனிதர்கள் வேறு வேறு கப்பலில் போனார்கள். சம்பந்தியின் மூதாதை அப்போது சின்னப் பெண். அவளை மேரிலாந்தில் இறக்கிவிட்டார்கள். பெற்றவர்கள் எந்தக் கரையில் இறங்கினார்கள், இறங்கினார்களா என்பதே தெரியாது. யார் வீட்டிலோ எடுபிடியாக இருந்து வளர்ந்து, பிறகு தன்னைப் போன்றவர்களோடு மறுபடி கப்பலேறி லூசியானா வந்திருக்கிறாள். அங்கே ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அந்தக் கிளையில் வந்தவர்தான் சம்பந்தி. டெக்ஸாஸின் தென்கிழக்கு மூலையில், லூசியானா எல்லையை ஒட்டிய ஊர்க்காரர். மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்டாக வேலை பார்த்து ரிடையர் ஆனவர். கணவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. ஒரே பையன், எங்கள் மாப்பிள்ளை.

அன்று ராத்திரியே சென்னையிலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். என் கணவரின் அக்கா, பாங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவள். குடும்பத்தில் எந்த விஷயமும் அவள் காதைத் தொட்டுவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போகும்.

"பையனுக்குப் பூர்விகம் எது?" என்றாள்.

"பிரெஞ்சுக்காரா, அக்கா. பெரிய நிலச்சுவான்தார் குடும்பம்."

"பாண்டிச்சேரிப் பக்கமா?"

"இல்லக்கா, அசல் பிரான்ஸ்."

"அப்போ அமெரிக்காவுக்கு எதுக்கு வந்தா?"

"பிசினஸ்."

யோசிக்காமல் வந்து விழுந்தது அந்த வார்த்தை. வரன் பார்க்கும்போது நம் பக்கத்தில் கொஞ்சம் ஏற்றிச் சொல்வது வழக்கம்தானே. கிளார்க்கை ஆபீசர் என்போம், சின்ன மாவுக் கடையை எண்டர்பிரைஸ் என்போம். அதிலே எனக்குப் பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தில், கப்பலில் அள்ளிப் போடப்பட்ட ஒரு குழந்தையை நான் பிசினசுக்கு அனுப்பிவிட்டேன். நாத்தனார் "ஓஹோ" என்றாள். மேலே ஒன்றும் கேட்கவில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும்.

கல்யாணம் நிச்சயமான பிறகு சம்பந்தி என்னை ஒரு நாள் லூசியானாவுக்கு அழைத்துப் போனார். "சேலை எல்லாம் நீங்க எனக்குக் கத்துக் குடுக்கிறீங்க. என் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்க" என்றார். மறுக்க முடியவில்லை. நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, இருபுறமும் தண்ணீர் தேங்கிய வயல்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போனார். அந்த வயல்களில் நெல்லும் போடுவார்கள், அறுவடை முடிந்தால் அதே தண்ணீரில் நண்டு மாதிரி ஒரு ஜந்துவையும் வளர்ப்பார்கள் என்றார். நெல்லைப் பார்த்ததும் எனக்கு மனசு இளகியது. ஜந்துவைக் கேட்டதும் கெட்டிப்பட்டது.

ஒரு பழைய சர்ச்சின் பின்கட்டில் இருந்த அறையில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளோடு மாலை வரை உட்கார்ந்திருந்தோம். அவர் தேடுகிற விதத்தை அன்றுதான் பார்த்தேன். நான் நினைத்தது, பெயரைத் தேடுவார், கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் எழுந்து வருவார் என்று. அவரோ பெயரைத் தேடவேயில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஞானஸ்நானம் செய்தபோது ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்று யார் நின்றார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனார். "அப்பா அம்மா காணாமப் போயிருக்கலாம். ஆனா ஊர்க்காரங்க ஊர்க்காரங்களுக்குத்தான் நிப்பாங்க. இவ பிள்ளைங்களுக்கு யார் யார் நின்னாங்கன்னு பார்த்தா இவ எந்தக் கிராமத்துப் பொண்ணுன்னு தெரிஞ்சுடும்" என்றார். அப்படியே தேடித்தேடி, அக்கேடியாவில் ஆற்றோரம் இருந்த ஒரு சின்னக் கிராமம் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தார். எனக்கு நம் கல்யாணங்கள் ஞாபகம் வந்தன. பெண்ணுக்கு மாமா இல்லாவிட்டால் ஒன்றுவிட்ட மாமாவாவது வந்து, மாலை மாற்ற அவளைத் தூக்கிக்கொள்வார். யார் வந்து நிற்கிறார்கள் என்பதை வைத்து ஒரு குடும்பத்தை எடைபோடுகிறவர்கள்தானே நாமும்.

"இவ கல்யாணத்தை எழுதி வெச்ச பாதிரியார், பெத்தவங்க பேர் தெரியாதுன்னு எழுதியிருக்கார்" என்றார் சம்பந்தி. "பக்கத்துல நின்னு, இவ இன்னார் பொண்ணு, இன்ன ஊர்ன்னு சொல்ல ஒருத்தரும் வரலை. பிள்ளைங்க பிறந்த பிறகுதான் அந்த ஊர்க்காரங்க ஒவ்வொருத்தரா வந்து சேர்ந்திருக்காங்க. கல்யாணத்தன்னிக்கு அவ தனி."

அவருடைய அம்மா காலத்தில் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பேசினால் அடி விழுமாம். அதனால் அவர் அம்மா பிள்ளைகளுக்குப் பிரெஞ்சும் சொல்லித் தரவில்லை, இந்தக் கதையும் சொல்லவில்லை. கேட்டால், "நாம சாதாரண ஜனங்க, விடு" என்பாராம். இவராகத்தான் கணவர் போன பிறகு தேட ஆரம்பித்தது. "என் கல்யாணத்தப்போ எனக்கு அவளைத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே அவ பேரைச் சொல்ல வெச்சிருப்பேன்" என்றார்.

திரும்பி வரும்போது எனக்குள் ஒரு போட்டி வந்துவிட்டது. நாமும் சளைத்தவர்கள் இல்லை என்று காட்டவேண்டாமா? எங்கள் கல்யாணத்தில் பிரவரம் என்று ஒன்று உண்டு, தாரை வார்ப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை யாருடைய கொள்ளுப்பேரன், யாருடைய பேரன், யாருடைய பிள்ளை என்று மூன்று தலைமுறையை வாத்தியார் சபையில் சத்தமாகச் சொல்லுவார், பெண்ணுக்கும் அப்படியே, அதுவும் ஒரு தடவை இல்லை, மூன்று தடவை என்று பெருமை அடித்துக்கொண்டேன். சம்பந்தி காரை ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்திவிட்டார். பெட்ரோல் போடவில்லை. என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"சத்தமா சொல்லுவாங்களா? எல்லாருக்கும் கேக்கிற மாதிரி?"

"மைக் வெச்சே சொல்லுவார்."

"என்னோட ஆள் மூணு தலைமுறை இல்லை. ரொம்ப மேலே. அதோட பொண்ணு. பரவாயில்லையா?"

பிரவரத்தில் பெண்கள் பெயர் வராது. என் பெண்ணின் கல்யாணத்தில் என் பெயரே வராது. அதைச் சொல்லியிருக்கலாம். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அதுக்கென்ன, சொல்லிடலாம்" என்றேன்.

"எனக்கு இருக்கிறது ஒரே பையன். இதை விட்டா வேற கல்யாணம் கிடையாது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. நாம் கொடுத்த ஒன்று இன்னொருவரை இவ்வளவு சந்தோஷப்படுத்துகிறதே என்று ஒரு பெருமிதம்.

வாத்தியார் நல்ல மனிதர். திங்கள் முதல் வெள்ளி வரை சாஃப்ட்வேர், சனி ஞாயிறு வைதிகம். பையனுக்குக் கோத்திரம் கிடையாதே என்று நான் இழுத்தபோது, "கோத்திரம் இல்லாதவாளுக்கெல்லாம் காசியபர் இருக்கார் மாமி, கவலையே படாதேங்கோ" என்றவர். மூதாதை விஷயத்தையும் தயங்காமல் ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்களுக்கு முன்னால், தாய்வழியில் இன்னாருடைய வம்சத்தில் வந்த என்று அவள் பெயரைச் சேர்த்துவிடலாம் என்றார். அதோடு விடாமல் சம்பந்தியை அவரே போனில் கூப்பிட்டு, அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறார். சம்பந்தி அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "நாலஞ்சு தடவை திருப்பிச் சொல்ல வெச்சேன். கடைசில என் அம்மா வீட்டு ஆள் மாதிரியே சொன்னார்."

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நாத்தனார் சென்னையிலிருந்து வந்து இறங்குகிற வரைக்கும். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காப்பி தண்ணியாக இருக்கிறது என்றாள், மண்டபத்தில் கோலம் ஸ்டிக்கரா என்று கேட்டாள், வழக்கமான குறைகள்தான். என் பயம் என்னுடையது. கல்யாணத்தை யூடியூபில் நேரலையாகப் போடுகிறோம், சென்னையில் என் பக்கம், என் கணவர் பக்கம் என்று இரண்டு உறவும் உட்கார்ந்து பார்க்கப் போகிறது. இங்கே வாத்தியார்கள் ஒவ்வொரு சடங்குக்கும் மைக்கில் விளக்கம் சொல்லுவார்கள், முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். இந்தப் பெயரைச் சொன்னால் இவள் யார் என்றும் சொல்லுவார். நாடு கடத்தி, வீட்டைக் கொளுத்தி, அப்பா அம்மாவைப் பிரித்து என்று முகூர்த்த வேளையில் தமிழில் கணீரென்று வரும். அப்போது பிசினஸ் என்னாகும்? நிலச்சுவான்தார் என்னாவார்? மாப்பிள்ளையின் பூர்விகத்தில் ஓர் எடுபிடிப் பெண் இருந்தாள் என்று நாத்தனார் என் முகத்தைப் பார்ப்பாளே, அந்தப் பார்வைக்குப் பயந்தேன். வெளியில் அதற்கு அமங்கலம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். மங்கள காரியத்தில் அழுகைக் கதை எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, கராஜில் நின்றுகொண்டு வாத்தியாரைக் கூப்பிட்டேன்.

"அந்தப் பேர் வேண்டாம், விட்டுடுங்கோ."

"ஏன் மாமி? நான் பிராக்டிஸ்லாம் பண்ணி வெச்சிருக்கேனே."

"முகூர்த்த டைம் போயிடும்."

"ஒரு பேர் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிடப் போறது?"

"எங்காத்துல பெரியவா வந்திருக்கா. ஏதாவது நினைச்சுப்பா."

"அந்த அம்மாகிட்ட சொல்லிட்டேளா?" என்றார்.

"நான் சொல்லிக்கறேன்."

"சரி மாமி. உங்க இஷ்டம்."

சொல்லிக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் சொல்லலாம் என்றிருந்தேன். மெஹந்தி போடுகிறவள் வந்துவிட்டாள். மறுநாள் விடியற்காலையில் சம்பந்திக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டதே நான்தான். கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, பின் குத்திவிடுமோ என்று பயந்தபடி நின்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு அவர் காலடியில் மண்டி போட்டிருந்தேன், நிமிர்ந்தால் முகம். "எனக்கு அவர் சொல்றது ஒண்ணும் புரியாதுல்ல, அந்த ஒரு பேர் மட்டும் புரியும்" என்றார். "ஆமாம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு பின்னை எடுத்தேன்.

தாரை வார்க்கிற நேரம் வந்தது. பெண் அப்பா மடியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எதிரே சம்பந்தி, அவர் பக்கத்தில் லூசியானாவிலிருந்து வந்திருந்த அவருடைய தம்பி. வாத்தியார் பிரவரம் ஆரம்பித்ததும் சம்பந்தி தம்பியின் கையைத் தட்டினார். அவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். காசியப கோத்திரம் என்றார் வாத்தியார். கொள்ளுத்தாத்தா பெயர் வந்தது. தாத்தா பெயர் வந்தது. காலமான கணவர் பெயர் வந்ததும் சம்பந்தி லேசாகத் தலையசைத்தார். பிறகும் காத்திருந்தார். எங்கள் பக்கத்துப் பெயர்கள் ஆரம்பித்துவிட்டன.

இரண்டாம் தடவை இன்னும் முன்னால் குனிந்துகொண்டார். கேட்பதற்கென்றே உதடு லேசாகத் திறந்திருந்தது. வாத்தியார் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை மாமி, கண்ணைக் காட்டினால் போதும் என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. நான் சொம்பைப் பார்த்தேன்.

மூன்றாம் தடவையும் முடிந்தது. நாதஸ்வர ரெக்கார்டிங்கைச் சத்தமாக வைத்தார்கள். சம்பந்தி என்னைப் பார்த்தார். புருவத்தை உயர்த்தி, வந்ததா என்று கேட்டார். அவருக்கே சந்தேகம், புரியாத பாஷை, வேகமாகச் சொல்கிறார், தன் காதுதான் தவறவிட்டிருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். நான் தலையாட்டினேன். வந்தது என்று. சிரித்துக்கொண்டே ஆட்டினேன்.

அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அழுதார். தம்பி தோளைச் சுற்றி அணைத்துக்கொண்டார். போட்டோகிராஃபர் ஓடி வந்து அதைப் படம் எடுத்தார். ஆல்பத்தில் இருக்கிறது, நல்ல படம். நான் அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிடுவேன்.

சாப்பாட்டுப் பந்தியில் சம்பந்தி, அவர் தம்பி, நாத்தனார் மூவரும் ஒரு வரிசையில். என் பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரே. நான் பரிமாறுகிற சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தேன். சம்பந்தி தன் தம்பியிடம், ஊருக்குப் போன் செய்து அத்தை பெண்களுக்கெல்லாம் சொல்லிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "மூணு தடவை சொன்னாங்கன்னு சொன்னேன். அவளோட கல்யாணத்துல ஒரு தடவைகூட இல்லை, இங்க மூணு தடவை."

நாத்தனார் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, அந்தப் பொண்ணு பேர் வரலையே."

"எந்தப் பொண்ணு அக்கா?"

"கப்பல்ல ஏத்தி விட்டாளே, அந்தக் குழந்தை. நான் மூணு தடவையும் கவனிச்சேன். காசியபர் வந்தார், இவாத்துப் பெரியவா மூணு பேர் வந்தா. அவ வரலை."

"உங்களுக்கு எப்படி..."

"உன் பொண்ணு எனக்கு எப்பவோ சொல்லியாச்சு. நீ பிசினஸ்னே. சரி, உனக்கு ஏதோ கூச்சம்னு விட்டுட்டேன். பாவம், தாயைப் பிரிஞ்சு வந்த குழந்தை, அவ பேரைக் கல்யாணத்துல சொல்லப் போறான்னா கேக்கணும்னு காலம்பற எழுந்து முன் வரிசைல வந்து உக்காந்தேன்."

என் பெண்ணுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். தலையில் பூவும் நெற்றிச்சுட்டியுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்.

யாரும் மொழிபெயர்க்கவில்லை. நாத்தனாருக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும். அவள், "நீயே சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

கையில் பாயசக் கரண்டியோடு சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை, நான்தான் வேண்டாமென்றேன், எங்கள் மனிதர்கள் தப்பாக நினைப்பார்களோ என்று பயந்துவிட்டேன் என்றேன். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அவள் தலையில் அதைப் போட்டேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மன்னிப்பும் கேட்டேன். ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பது சுலபம். கடையில் தள்ளுவண்டி யார் மேலாவது இடித்துவிட்டாலும் அதே வார்த்தைதான்.

சம்பந்தி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கொஞ்ச நேரம் என்னைப் புரியாமல் பார்த்தார், கணக்கில் எங்கோ தப்பு இருக்கிறது என்று தேடுகிறவர் போல.

"நீங்க தலையாட்டினீங்களே" என்றார்.

பெயரை விட்டதற்கு நூறு காரணம் சொல்லலாம். தலையாட்டியதற்கு ஒன்றுகூடக் கிடையாது.

நாத்தனார்தான் சுதாரித்துக்கொண்டு, வாத்தியார் அடுத்த பந்தியில்தான் இருக்கிறார், கூப்பிட்டு இப்போதே சபையில் சொல்லச் சொல்லலாம் என்றாள். என் பெண் எழுந்தே விட்டாள். சம்பந்தி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "வேண்டாம்மா. இப்போ சொன்னா என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்றது. அவளுக்குன்னு சொல்றது இல்லை" என்றார். பிறகு தம்பியிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அந்த மனிதர் எழுந்து, போனை எடுத்துக்கொண்டு, மண்டபத்துக்கு வெளியே போனார். ஊருக்குச் சொன்னது தப்பு என்று சொல்லப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. கண்ணாடிக் கதவு வழியாக, கார்களுக்கு நடுவில் அவர் நின்று பேசுவது தெரிந்தது. ஒருவரோடு முடியவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார்.

நாத்தனார் ஊருக்குத் திரும்புகிற வரைக்கும் இதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. ஏர்போர்ட்டில் மட்டும், "என்னைப் பார்த்தா உனக்கு அப்படியா இருக்கு?" என்று கேட்டாள். நான் அழுதேன். அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சம்பந்தி என்னிடம் முகம் கொடுத்துத்தான் பேசுகிறார். பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புகிறார், தோட்டத்து எலுமிச்சம்பழங்களை மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறார். போன நவம்பரில் தேங்ஸ்கிவிங்குக்கு எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்தார். எங்களுக்காக மாமிசம் போடாமல், வெண்டைக்காயும் கீரையுமாக ஒரு பெரிய பாத்திரம் நிறைய கம்போ செய்திருந்தார்; அதைச் சோற்றின்மேல் ஊற்றிச் சாப்பிட வேண்டும். நான் முன் அறையில் மேஜையில் தட்டுகளை வைத்துவிட்டு உள்ளே போனேன். சமையலறை மேஜையில் என் பெண் போனை நிறுத்தி வைத்திருந்தாள், அதில் சென்னையிலிருந்து நாத்தனார். சம்பந்தி கையை ஆட்டிக்கொண்டு உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் அப்பா இறங்கிய துறைமுகம் எது என்று ஒரு துப்புக் கிடைத்திருக்கிறதாம். அவளுடைய கடைசிக் குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் அந்த அப்பா போன கப்பலில் வந்தவராம். நாத்தனார், "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் பெண் மோவாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

சம்பந்தி நிறுத்தினார். என்னைப் பார்த்து அன்பாகத்தான் சிரித்தார். "சோறு வெந்துடுச்சான்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

எழுந்து போய்ப் பார்த்தேன். எப்போதோ வெந்திருந்தது. வெந்துவிட்டது என்று அடுப்படியிலிருந்தே சொன்னேன். மூடியைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் மறுபடி பேச ஆரம்பித்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.